உங்கள் நூலை உலகச் சந்தையில் விற்கப் போகிறீர்களா? பொத்தானை அழுத்துமுன் பார்க்க வேண்டியவை

ஒரு புத்தகத்தை இணையக் கடையில் ஏற்றுவது இன்று பெரிய வித்தை இல்லை. கோப்பு தயாராக இருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மூன்று நாளைக்குள் அது விற்பனைக்கு வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்றும் அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிய பெட்டிகளில் சில, அப்புறம் எவ்வளவு தட்டினாலும் திறக்காது.

அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் ஓர் அச்சுநூலை வெளியிட்டுவிட்டால் தலைப்பு, ஆசிரியர் பெயர், நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், பக்க அளவு எல்லாம் பூட்டிக்கொள்ளும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பதிப்பை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டுப் புது நூலாக மறுபடி ஏற்ற வேண்டும். விலை, நூல் குறிப்பு, தேடுசொற்கள், அட்டைப்படம், உள்பக்கக் கோப்பு இவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே, மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் நேரம் கொடுங்கள். மாற்ற முடிந்தவற்றைச் சுமாராக ஆரம்பித்துப் போகப்போகத் திருத்திக்கொள்ளலாம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னட்டை வாசகத்தின் ஒரு வரிக்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வரிப் படிவத்தையோ ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள்.

எந்தக் கடை, யார் வழியாக

முதலில் இடங்களைத் தெரிந்துகொள்வோம். மின்னூலை நேரடியாக ஏற்றக்கூடிய பெரிய கடைகள் நான்கு: அமேசான், ஆப்பிள் புக்ஸ், கூகுள் பிளே புக்ஸ், கோபோ. இவற்றில் கோபோ கனடாவில் தொடங்கியது, இப்போது ஜப்பானின் ரகுடென் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அமேசான் அளவுக்குப் பேசப்படாவிட்டாலும் கனடாவில் அதற்கு நல்ல வாசகர் கூட்டம் உண்டு. நான்கு கடைகளிலும் தனித்தனியே கணக்குத் திறந்து பராமரிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத் திரட்டுத் தளங்கள் இருக்கின்றன. 2012-ல் தொடங்கிய டிராஃப்ட்2டிஜிட்டல் அவற்றில் முக்கியமானது. 2022-ல் ஸ்மாஷ்வேர்ட்ஸையும் இது வாங்கிவிட்டது. ஒரு கோப்பைக் கொடுத்தால் பல கடைகளுக்கும் நூலகச் சேவைகளுக்கும் அதுவே அனுப்பிவிடும். விற்பனை விலையில் 10 சதவீதம் அதன் கூலி.

அச்சுநூலுக்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று கேடிபி. யாராவது வாங்கினால் அந்த ஒரு பிரதியை மட்டும் அச்சடித்து அனுப்பும் முறை. கையிருப்பு, கிடங்கு, தபால் எதுவும் உங்கள் தலைவலி இல்லை. இன்னொன்று இன்கிராம்ஸ்பார்க். இதுவும் தேவைக்கேற்ப அச்சிடுவதுதான், ஆனால் இன்கிராம் என்பது கடைகளுக்கும் நூலகங்களுக்கும் புத்தகம் வழங்கும் மொத்த விநியோக நிறுவனம். அமேசானுக்கு வெளியே இருக்கிற ஒரு புத்தகக் கடைக்காரர் உங்கள் நூலை வரவழைக்க நினைத்தால் அவர் தேடப் போவது பெரும்பாலும் இன்கிராமின் பட்டியலில்தான்.

இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம். அமேசானில் விற்பதைக் கேடிபி பார்த்துக்கொள்ளட்டும், மற்ற இடங்களை இன்கிராம்ஸ்பார்க் பார்த்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்வதானால் கேடிபியில் 'விரிவாக்கப்பட்ட விநியோகம்' என்ற பெட்டியை, அதாவது அமேசானுக்கு வெளியே உள்ள கடைகளுக்கும் கேடிபியே நூலைக் கொண்டுபோகும் வசதியை, டிக் செய்யாமல் விடுங்கள். டிக் செய்துவிட்டால் அதே ஐஎஸ்பிஎன் இரண்டு வழியாகவும் போய் மோதிக்கொள்ளும்.

அடுத்தது பிரத்தியேகம். மின்னூலை ஏற்றும்போது 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர அமேசான் அழைக்கும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது, உங்கள் சொந்த வலைத்தளத்திலும்கூட. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியில் காட்டலாம். இந்தக் கட்டுப்பாடு மின்னூலுக்கு மட்டும்தான், அச்சுநூலை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம். பதிலுக்கு உங்கள் நூல், அமேசானின் மின்னூல் வாசிப்புச் சந்தாவான கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கும். அவர்கள் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். மாதத்துக்கு மாதம் மாறினாலும் பொதுவாகப் பக்கத்துக்கு அரை சென்ட்டை ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். 200 பக்க நூலை ஒருவர் கடைசிவரை படித்தால் ஒரு டாலருக்குள்தான்.

என் கருத்து: பரபரப்பான தொடர்கதை, காதல் கதை, துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு செலக்ட் பொருந்தும். அவர்களுடைய வாசகர்கள் அந்தச் சந்தாவில் வரிசையாகப் படித்துத் தள்ளுகிறவர்கள். கட்டுரை, வரலாறு, கவிதை, துறை சார்ந்த நூல் என்றால் எல்லாக் கடைகளிலும் இருப்பதே நல்லது. எதுவாக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். 90 நாள் முடிந்ததும் திட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வெளியேற நினைத்தால் அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பை நீங்களே அணைக்க வேண்டும். அணைக்காமலேயே மற்ற கடைகளில் ஏற்றிவிட்டால் அது விதிமீறல்.

கணக்கும் வரியும்

நூல் தயாராவதற்கு முன்பே கணக்கைத் திறந்து வைத்துவிடுங்கள். பெயரையோ வங்கி விவரத்தையோ சரிபார்ப்பதில் ஏதாவது இடித்தால் அதைத் தீர்க்க நாள் ஆகும்.

கணக்கில் உங்கள் சட்டப்படியான பெயர் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கிலும் வரி ஆவணத்திலும் உள்ள அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்கிற குழப்பம் நமக்கு எப்போதும் உண்டு. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் பிழைத்தோம். புனைபெயரில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அது நூலின் பக்கத்தில் மட்டும் வரும், கணக்கில் வராது. ஒருவருக்கு ஒரு கேடிபி கணக்குதான். இன்னொரு பெயருக்காக இரண்டாவது கணக்கு திறந்தால் இரண்டுமே முடங்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் வரிப் பேட்டி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், திரையில் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். அமெரிக்கர் அல்லாத தனிநபர் என்றால் அதன் முடிவில் டபிள்யூ-8பென் என்ற படிவம் தயாராகும். அமெரிக்கக் கடையில் விற்றுக் கிடைக்கும் ராயல்டிக்கு, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்குக்கு, வெளிநாட்டவரிடமிருந்து 30 சதவீத வரி பிடிப்பது அந்நாட்டின் பொது விதி. உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் இது குறையும். பிரிட்டனில் வசிப்பவருக்குப் பிடித்தமே இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு 15 சதவீதம். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லாததால் முழு 30 சதவீதமும் போகும்.

ஒப்பந்தச் சலுகை தானாக வந்துவிடாது. படிவத்தில் உங்கள் நாட்டு வரி அடையாள எண்ணைக் கொடுத்துச் சலுகையைக் கோர வேண்டும். அமெரிக்க எண் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சொந்த நாட்டு எண்ணே போதும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நகர்கிறவர்கள்தான் முழு 30 சதவீதத்தையும் ஏன் பிடிக்கிறார்கள் என்று பின்னால் புலம்புவார்கள். படிவத்துக்கு ஆயுளும் உண்டு. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள்வரை அது செல்லும். நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்பிஎன்: இலவசமா, சொந்தமா

ஐஎஸ்பிஎன் என்பது நூலின் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய தனி எண். 2007-லிருந்து 13 இலக்கம். சாதா அட்டைக்கு ஒன்று, கெட்டி அட்டைக்கு இன்னொன்று. மின்னூலுக்கு அமேசான் அதைக் கேட்பதில்லை, தன்னுடைய சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளும்.

அச்சுநூலுக்குக் கேடிபி இலவசமாக ஒரு எண் தரும். அதை எடுத்துக்கொண்டால் பதிப்பாளர் இடத்தில் 'சுயேச்சையாக வெளியிடப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அந்த எண்ணை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. இன்கிராம்ஸ்பார்க்கில் அதே நூலைப் போட வேறு எண் வேண்டும். சொந்த எண் என்றால் உங்கள் பதிப்பகப் பெயரிலேயே எல்லா இடத்திலும் ஒரே எண்ணாகப் போகும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கனடா, இந்தியா போன்ற நாடுகளில் அரசு அமைப்பே இலவசமாகக் கொடுக்கிறது. எண் கொடுப்பது நீங்கள் வசிக்கும் நாட்டின் ஐஎஸ்பிஎன் அமைப்பு. இடைத்தரகரிடம் வாங்கினால் பதிவேட்டில் பதிப்பாளராக அவர் பெயர்தான் இருக்கும், கவனம். இலவசமாகக் கிடைக்கிற நாட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சொந்த எண்ணே வாங்கிவிடுங்கள். காசு கொடுக்க வேண்டிய நாட்டில் இருந்தால், அமேசானுக்கு வெளியே போகும் எண்ணம் இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கோப்பு

தமிழில் எழுதுகிறவர்களுக்கு முதல் தடை மொழிப் பட்டியல். ஒவ்வொரு தளமும் தான் ஏற்கும் மொழிகளை வரிசைப்படுத்தியிருக்கும். மின்னூலுக்கு ஒரு பட்டியல், அச்சுநூலுக்கு இன்னொன்று. கேடிபியின் மின்னூல் பட்டியலில் தமிழ் உண்டு. அதை வைத்து அச்சுநூலுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பட்டியலைத் தனியாகப் பார்த்துவிட்டே பக்க வடிவமைப்பில் கை வையுங்கள்.

இரண்டாவது தடை எழுத்துரு. பழைய கணினித் தட்டச்சில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பிரதி என்றால் அச்சுக்குச் சரியாக வரும். மின்னூலில் அது கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. ஆனால் மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகள், 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் 'கொ', 'கோ' இவற்றை ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மின்னூலுக்கு ஈபப் வடிவமே பொதுவானது, எல்லாக் கடைகளும் ஏற்கும். வேர்டு கோப்பிலிருந்து செய்வதானால் தலைப்புகளைத் தலைப்புப் பாணியிலேயே அமையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்ததாக ஆக்கினால் மட்டும் போதாது. பாணி சரியாக இருந்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். பத்தி இடைவெளிக்கு என்டர் விசையையும் உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் விசையையும் தட்டித் தட்டி வைத்திருந்தால் சிறிய திரையில் பக்கம் சிதறிவிடும். பிடிஎஃப் கோப்பை மின்னூலாக ஏற்ற நினைப்பவர்கள் உண்டு. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்க முடியாமல் வாசகர் எரிச்சலடைவார், ஒற்றை நட்சத்திரம் அப்படித்தான் வரும்.

அச்சுக்கு பிடிஎஃப்தான், எழுத்துருக்கள் உள்ளே பொதிந்திருக்க வேண்டும். படங்கள் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. கதை, கட்டுரை நூல்களுக்கு 5×8, 5.5×8.5, 6×9 அங்குல அளவுகள் சர்வதேசச் சந்தையில் வழக்கமானவை. அளவைத் தீர்மானித்த பிறகே அட்டை போடச் சொல்லுங்கள், ஏனென்றால் முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. கேடிபியின் க்ரீம் தாளில் பக்கத்துக்கு 0.0025 அங்குலம். 200 பக்கத்துக்கு அரை அங்குலம். கடைசி நேரத்தில் முன்னுரை சேர்த்து 216 பக்கமானால் முதுகு நகரும், அட்டையைத் திரும்பச் செய்ய வேண்டும். 80 பக்கத்துக்குக் கீழே போனால் முதுகில் எழுத்தே போட முடியாது.

மின்னூல் அட்டைக்கு அமேசான் பரிந்துரைக்கும் அளவு 2,560 × 1,600 பிக்சல். வாசகர் முதலில் பார்ப்பது அதன் கட்டைவிரல் அளவுப் படத்தைத்தான். அந்த அளவுக்குச் சுருக்கித் தலைப்பு படிக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் போடும் படத்துக்கும் எழுத்துருவுக்கும் வணிக உரிமம் இருக்க வேண்டும், இணையத்தில் கிடைத்தது என்பது உரிமம் ஆகாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய எழுத்தோ படமோ மொழிபெயர்ப்போ இருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்று 2023-லிருந்து கேடிபி கேட்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விலை: பணம் போகும் ஓட்டைகள்

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் அமெரிக்கக் கடைக்கு உரியவை. தளங்கள் அவ்வப்போது விகிதத்தை மாற்றுவது வழக்கம் என்பதால் வெளியிடும் நாளில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேடிபியில் மின்னூலுக்கு இரண்டு ராயல்டி விகிதங்கள்: 70 சதவீதம், 35 சதவீதம். எழுபது வேண்டுமென்றால் விலை 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். 9.99-க்கு விற்றால் சுமார் 7 டாலர் கையில் வரும். நூல் கனமானது, உழைப்பு அதிகம் என்று 11 டாலர் வைத்தால் விகிதம் 35-க்கு விழுந்து 3.85 டாலர்தான் கிடைக்கும். விலையைக் கூட்டியதால் வருமானம் கிட்டத்தட்டப் பாதியாகிறது!

அடுத்த ஓட்டை, கோப்பின் எடை. எழுபது சதவீதத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் மெகாபைட்டுக்கு 15 சென்ட் அனுப்பும் கட்டணம் பிடிப்பார்கள். 4.99 டாலர் நூல், கோப்பு ஒரு மெகாபைட் என்றால் உங்களுக்கு வருவது 3.39 டாலர். அதே நூலில் சுருக்காத படங்களைப் போட்டுக் கோப்பு 10 மெகாபைட் ஆகிவிட்டால் 2.44. படங்கள் நிறைந்த சிறுவர் நூல் 20 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம், 1.39 டாலர்தான் மிஞ்சும். 35 சதவீதத் திட்டத்தில் அனுப்பும் கட்டணம் கிடையாது. அங்கே அதே நூலுக்கு 1.75 கிடைக்கும். படப்புத்தகம் போடுகிறவர்கள் எழுபது என்ற எண்ணைப் பார்த்து மயங்காமல் இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. கோபோவிலும் ஆப்பிளிலும் இந்தக் கட்டணமே இல்லை என்பது இன்னொரு விஷயம். ஆப்பிள் எந்த விலைக்கும் 70 தருகிறது. கோபோ 2.99-க்கு மேல் 70 தருகிறது.

எழுபதுக்கு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. மின்னூல் விலை அச்சுநூல் விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ கடைகளில் எழுபது கிடைக்க நூல் செலக்ட் திட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35தான். வேறொரு கடையில் விலை குறைவாக இருப்பது தெரிந்தால் அமேசான் தானும் இறக்கிவிடும், அந்த இறங்கிய விலைக்குத்தான் உங்கள் பங்கு.

அச்சுநூலுக்கு வருவோம். இங்கே விலையில் ஒரு சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து அச்சுக்கூலியைக் கழிப்பார்கள். கறுப்பு வெள்ளையில் 110 பக்கத்துக்கு மேற்பட்ட நூல் என்றால் அச்சுக்கூலி ஒரு டாலர், அதோடு பக்கத்துக்கு 1.2 சென்ட். 200 பக்கத்துக்கு 3.40 டாலர். 2025 ஜூன் 10-லிருந்து, விலை 9.99-க்குக் கீழே இருந்தால் பங்கு 60-லிருந்து 50 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இதனால் என்ன ஆகிறது பாருங்கள். 9 டாலர் விலை வைத்தால் 4.50-ல் அச்சுக்கூலி போக 1.10 டாலர். 9.99 வைத்தால் 5.99-ல் 3.40 போக 2.59. வாசகர் கூடுதலாகக் கொடுப்பது ஒரு டாலருக்குள், உங்களுக்கு வருவது இரண்டு மடங்குக்கும் மேல். 12 டாலர் என்றால் 3.80. விரிவாக்கப்பட்ட விநியோகத்தின் வழியாக அதே 12 டாலர் நூல் விற்றால் பங்கு 40 சதவீதம்தான், கையில் 1.40.

இன்கிராம்ஸ்பார்க்கில் கணக்கு வேறு மாதிரி. கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனைத் தள்ளுபடியை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். கடைக்காரர் அலமாரியில் வைக்க வேண்டும் என்றால் 55 சதவீதத் தள்ளுபடியும் திருப்பி அனுப்பும் வசதியும் எதிர்பார்ப்பார். 12 டாலர் நூலில் 55 சதவீதம் போனால் 5.40 மிஞ்சும், அதிலிருந்து அச்சுக்கூலி. 'திருப்பி அனுப்பலாம்' என்று டிக் செய்தால் விற்காத பிரதிகளின் செலவு உங்கள் கணக்கில் ஏறும். முதல் நூலுக்கு 'திருப்பக் கூடாது' என்று வைப்பதே பாதுகாப்பு. கடைகளில் இடம் கிடைப்பது கடினமாகும், ஆனால் மாதக் கடைசியில் கழித்தல் குறியோடு அறிக்கை வராது.

மற்ற நாடுகளின் விலையை டாலரிலிருந்து தானாக மாற்றித் தருவார்கள். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மாறிய விலை 7.63 யூரோ என்று விநோதமாக வந்து நிற்கும், கையால் 7.99 ஆக்குங்கள். ஐரோப்பிய நாடுகளில் வாசகர் பார்க்கும் விலைக்குள் மதிப்புக் கூட்டு வரியும் அடங்கியிருக்கும். ஜெர்மனியில் புத்தகத்துக்கு ஒரே விலை என்பது சட்டம். 2016-லிருந்து மின்னூலையும் அது தெளிவாகவே உள்ளடக்கியது. பல கடைகளில் விற்பதானால் ஜெர்மனிக்கான யூரோ விலை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கடையில் மட்டும் தள்ளுபடி போடக் கூடாது.

கண்ணில் படுவதற்கான விவரங்கள்

கேடிபியில் ஏழு தேடுசொல் பெட்டிகளும் மூன்று வகைகளும் கிடைக்கும். தலைப்பில் இருக்கிற சொல்லையே தேடுசொல்லிலும் போடுவது வீண். ஒரு பெட்டியில் ஒரே சொல்தான் போட வேண்டும் என்றும் இல்லை, வாசகர் தேடல் பெட்டியில் தட்டக்கூடிய சொற்றொடரைப் போடலாம். 'நாவல்' என்று போட்டால் கடலில் கரைந்துவிடும். 'முதல் உலகப் போர் கடற்படை நாவல்' என்றால் தேடுகிறவர் கைக்கு வரும். தமிழ் நூலாக இருந்தாலும் இரண்டு மூன்று பெட்டியில் ஆங்கில எழுத்தில் போடுங்கள். தமிழ் படிக்கிற பலர் ஆங்கில விசைப்பலகையில்தான் தேடுகிறார்கள்.

வகையைத் தேர்வு செய்யும்போது போட்டி குறைந்த, ஆனால் உங்கள் நூலுக்கு உண்மையிலேயே பொருந்தும் இடத்தைப் பாருங்கள். பட்டியலில் முதலிடம் பிடிக்கச் சம்பந்தமில்லாத வகையில் போடுகிற வித்தை சிலரிடம் உண்டு. அங்கே வருகிற வாசகருக்கு உங்கள் நூல் தேவையில்லை, அவ்வளவுதான்.

நூல் குறிப்பில் முதல் இரண்டு வரிகள் முக்கியம். அதற்கு மேல் 'மேலும் படிக்க' என்று மடங்கிவிடும். ஆசிரியர் பெற்ற பட்டங்களை அங்கே போடாதீர்கள்.

மாதிரிப் பிரதி

அச்சுநூலை வெளியிடும் முன் ஒரு மெய்ப்புப் பிரதியை வரவழைத்துப் பாருங்கள். அச்சுக்கூலியும் தபாலும் மட்டும்தான் செலவு. அட்டையின் குறுக்கே 'மறுவிற்பனைக்கு அல்ல' என்று ஒரு பட்டை இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். உள் ஓரம் போதுமான அளவு இருக்கிறதா, வரிகள் மடிப்புக்குள் போய் ஒளிகின்றனவா, அட்டையின் கறுப்பு பழுப்பாக வெளிறியிருக்கிறதா என்பதெல்லாம் திரையில் தெரியாது. பிழை திருத்தவும் இது நல்ல வாய்ப்பு. நூறு முறை திரையில் படித்துக் கடந்துபோன பிழை தாளில் முகத்தில் அறையும்.

வெளியான பிறகு

முதல் சில விமர்சனங்களுக்காக எல்லோரும் தவிப்பார்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதுவதை அமேசான் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். காசுக்கு எழுதுவதும், 'நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்' என்ற பண்டமாற்றும் கூடாது. முன்கூட்டியே இலவசப் பிரதி கொடுக்கலாம். ஆனால் விமர்சனம் எழுதியே ஆக வேண்டும் என்றோ, நல்லதாக எழுத வேண்டும் என்றோ நிபந்தனை போடக் கூடாது. நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் பணிவாகக் கேட்டு வைப்பது எளிய வழி, அது வேலையும் செய்கிறது.

விளம்பரத்தில் அவசரப்படாதீர்கள். அமேசான் விளம்பரத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் பணம். ஒரு சொடுக்குக்கு 40 சென்ட், பத்துப் பேர் சொடுக்கினால் ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். ஒரு பிரதி விற்க 4 டாலர் செலவு. மேலே பார்த்த 9.99 டாலர் நூலில் உங்களுக்கு வருவது 2.59. ஒவ்வொரு விற்பனையும் நஷ்டம். ஒரே ஒரு நூல் மட்டும் கையில் இருக்கும்போது விளம்பரம் கட்டுபடியாவது அபூர்வம். முதல் பாகத்தைப் படித்தவர் இரண்டாவதையும் மூன்றாவதையும் வாங்கினால்தான் கணக்கு நேராகும். செலக்ட் திட்டத்தில் இருந்தால் 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கும் வசதி உண்டு, அதை முதலில் முயன்று பாருங்கள்.

நூல் வெளியான சில வாரங்களில் தொலைபேசியோ மின்னஞ்சலோ வரும், அது கிட்டத்தட்ட நிச்சயம். 'அமேசான் பதிப்பகத்திலிருந்து பேசுகிறோம்', 'உங்கள் நூலைத் திரைப்படமாக்க ஆர்வம் இருக்கிறது', 'சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் வைக்கிறோம்' என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். கடைசியில் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். கேடிபியில் நூல் வெளியிடக் கட்டணமே கிடையாது, அதன் பெயரில் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுப் பேர்வழிதான். மரபான பதிப்பாளர் எழுத்தாளருக்குப் பணம் கொடுப்பார், எழுத்தாளரிடம் வாங்க மாட்டார். மெய்ப்புத் திருத்துவோர், அட்டை வடிவமைப்பாளர் போன்றோருக்குக் கூலி கொடுப்பது வேறு. அங்கே வேலை என்ன, கூலி என்ன, கோப்பின் உரிமை யாருக்கு என்பது எழுத்தில் இருக்கும்.

பணம் வருவதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துக் கேடிபி அனுப்பும். ஜனவரியில் விற்றது மார்ச் கடைசியில் வரும். ஒவ்வொரு நாட்டுக் கடைக்கும் தனித்தனிக் கணக்கு என்பதால் ஒரே நாளில் வங்கியில் நாலைந்து சிறு தொகைகள் விழும், குழம்ப வேண்டாம். வங்கி எந்த விகிதத்தில் நாணயத்தை மாற்றுகிறது, வரவுக்குக் கட்டணம் எடுக்கிறதா என்பதை முதல் வரவிலேயே பார்த்துவிடுங்கள். சிறு தொகைகளில் அந்தக் கட்டணம்தான் பெரிய பங்கைத் தின்றுவிடும்.

அமெரிக்க வரி பிடிக்கப்பட்டிருந்தால், அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தை ஒட்டி 1042-எஸ் என்ற படிவம் உங்கள் கணக்கில் வரும். அங்கே எவ்வளவு வரி கட்டிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. பல நாடுகளில் அதைக் காட்டி உள்நாட்டு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவிறக்கி, மாத அறிக்கைகளோடு ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நாளில் உங்கள் கணக்காளர் முதலில் கேட்பது அதைத்தான்.